பல்லிக்குத் தட்டிய கை

எங்கள் வீட்டில் பகல் நேரத்தில் உள் அறைக் கதவைச் சாத்துகிற வழக்கம் கிடையாது. காய்ச்சல் என்று யாராவது படுத்திருந்தாலும் திறந்துதான் இருக்கும். வெங்காய மூட்டை அடுக்கியிருந்தாலும் திறந்துதான் இருக்கும். அதனால் மருமகள் ஒருநாள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே அந்தப் பேச்சை எடுத்தபோது எனக்குச் சுருக்கென்றது.

"அத்தை, வர்ற வியாழக்கிழமை மத்தியானம் உள் ரூம் எனக்கு மட்டும் வேணும். கதவைச் சாத்தித் தாப்பா போட்டுக்குவேன். நானா வெளிய வர்ற வரைக்கும் யாரும் உள்ள வரக்கூடாது."

"எதுக்கு?"

"பரீட்சை எழுதணும்."

"வூட்லயேவா?"

"ஆமா அத்தை. கம்ப்யூட்டர்ல."

ரசத்தை மட்டும் வேண்டாம் என்றேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் எழுத்துக் கூட்டிப் படிப்பேன், பஸ்ஸில் ஊர்ப்பேரை நானே பார்த்து ஏறுவேன், யாரையும் கேட்டதில்லை. பரீட்சை என்றால் என்ன என்றும் தெரியும். என் மகன் அரியலூரில் எழுதியபோது மரத்தடியில் காத்துக்கிடந்தவள் நான். மணி அடிப்பார்கள், ஒரு சார் குறுக்கும் நெடுக்கும் நடப்பார், எல்லாப் பிள்ளைகளும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து எழுதும். கட்டிக்கொடுத்து வந்த பெண், மாமியார் வீட்டில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எழுதுகிற பரீட்சையை நான் கேள்விப்பட்டதில்லை.

சாயங்காலம் மகன் ரெட்டிபாளையம் ஆலையில் ஷிப்ட் முடிந்து, மேலெல்லாம் சிமெண்டுத் தூசியோடு வந்தான். கேட்டேன்.

"அது வெளிநாட்டுல மேல படிக்கறதுக்கு எழுதற பரீட்சைம்மா. எல்லா நாட்டுப் புள்ளைங்களும் அதைத்தான் எழுதணும். மெட்ராஸ்ல போயி எழுதலாம், கேட்ட தேதிக்கு எடம் கெடைக்கல. அதான் வூட்லயே."

"எதைப் பத்திப் பரீட்சை? கல்லைப் பத்தியா?"

"இல்ல. கணக்கும் இங்கிலீசும்."

அங்கேதான் என் சந்தேகம் முளை விட்டது. மருமகள் கல்லைப் படித்தவள். எங்கள் பக்கத்து ஓடைகளில் நத்தை மாதிரி சுருண்ட கல், சிப்பி பதிந்த கல் எல்லாம் கிடக்கும். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்ததாம். கல்யாணமாகி வந்த மறுநாளே, தாலிக்கயிற்றின் மஞ்சள் ஈரம்கூடக் காயாமல், ஓடைக்குப் போய் மடி நிறையக் கல் பொறுக்கிக்கொண்டு வந்தவள் அவள். ஊரே சிரித்தது. நான் சிரிக்கவில்லை, அந்தக் கல்லை வைக்க ஒரு பழைய சாக்கு கொடுத்தேன். இப்போது அந்தக் கல்லைப் பற்றி மேலே படிக்க வேறு நாட்டுக்குப் போக வேண்டுமாம். கல் இங்கே கிடக்கிறது, படிப்பு அங்கே இருக்கிறதாம். அதற்குக் கணக்கும் இங்கிலீசும் கேட்பார்களாம். பாலம் கட்டப் படிப்பவனுக்கும் அதே பரீட்சை, மாட்டு வைத்தியம் படிப்பவனுக்கும் அதே பரீட்சை. ஒரே அளவில் சட்டை தைத்து வைத்துக்கொண்டு எல்லாரையும் போட்டுக்கொள் என்கிற மாதிரி இருந்தது எனக்கு.

"அப்ப அவ போயிருவாளா?" என்றேன்.

"மொதல்ல பாஸாவட்டும்மா" என்றான், என் முகத்தைப் பார்க்காமல் ஷூவைக் கழற்றிக்கொண்டே. என் மகன் பொய் சொல்லமாட்டான். ஆனால் உண்மையைப் பாதி சொல்லும்போது ஷூவைப் பார்ப்பான். போவது முடிவாகிவிட்டது, இவனும் பின்னாலேயே போகப்போகிறான், எனக்குத்தான் கடைசியில் சொல்வார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமையே அந்த அறையைக் காலி செய்யத் தொடங்கினாள். காலண்டரைக் கழற்றினாள், எழுத்து இருக்கக்கூடாதாம். பீரோக் கண்ணாடியில் போர்வையைப் போட்டாள், கண்ணாடியில் வேறு ஆள் தெரியக்கூடாதாம். கட்டிலுக்கு அடியில் இருந்த அண்டா, குண்டான், அவளுடைய கல் சாக்கு, எல்லாம் வெளியே வந்தது. கடைசியில் சுவரைப் பார்த்துத் தயங்கி நின்றாள். அங்கே என் வீட்டுக்காரர் படம் இருந்தது. அதன் மேல் ஒரு சிவப்புச் சீரியல் விளக்கு, அணைந்து அணைந்து எரியும். அவர் போனதிலிருந்து கரண்ட் போனால் ஒழிய அது அணைந்ததில்லை.

"அத்தை, இது..."

"இதுவும் ஆவாதா?"

"லைட்டு மின்னுதுல்ல. கேமராவுல பார்த்தா ஏதோ மெஷின் வெச்சிருக்கேன்னு நெனைச்சுக்குவாங்க."

"யாரு நெனைச்சுக்குவா?"

"பரீட்சையைக் கண்காணிக்கிறவங்க. அவங்க எங்கயோ இருந்து முழு நேரமும் என்னைப் பார்த்துக்கிட்டே இருப்பாங்க."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"யாரு வருவாங்கன்னு தெரியாது அத்தை."

எனக்கு அப்போது வந்த கோபத்தை நான் காட்டவில்லை. தாழ்ப்பாள் போட்ட அறை, உள்ளே என் மருமகள், அவளை மூன்று மணி நேரம் முகம் தெரியாத ஒருத்தன் பார்த்துக்கொண்டிருப்பான், நான் மட்டும் வெளியே நிற்க வேண்டும். இதற்குப் பேர் பரீட்சை. படத்தை நானே கழற்றினேன். "அவரை நான் வெச்சுக்கறேன். நீ எழுது. ஆனா நான் வாசப்படியிலதான் ஒக்காந்திருப்பேன்" என்றேன்.

"பேசாம இருக்கணும் அத்தை. சத்தம் கேட்டா செல்லாதுன்னுருவாங்க."

"எனக்குப் பேசாம இருக்கத் தெரியாதா?"

வியாழக்கிழமை. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் மத்தியானம் வெடி வைப்பார்கள், பாத்திரமெல்லாம் ஒரு குலுக்குக் குலுங்கும். அது முடிந்த பிறகுதான் பரீட்சை வருகிற மாதிரி அவள் நேரம் வாங்கியிருந்தாள். அந்த யோசனையெல்லாம் அவளுக்கு உண்டு. வெடி வெடித்து அடங்கியது. அவள் முடியைக் காதுக்குப் பின்னால் இழுத்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். கதவு மூடுவதற்குள் ஒரு குரல் கேட்டது. ஆண் குரல்தான். இங்கிலீசு. அவள் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கூரை, தரை, கட்டிலடி என்று சுற்றிக் காட்டினாள். சம்பந்தமில்லாத ஒருத்தன் என் வீட்டுக் கட்டிலடியைப் பார்க்கிறான். நானே அங்கே குனிந்து பார்த்து வெகுநாளாயிற்று.

தாழ்ப்பாள் விழுந்தது. கதவோடு ஒட்டி உட்கார்ந்தேன். மடியில் என் வீட்டுக்காரர்.

கொஞ்ச நேரத்தில் என் ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி, புளி கேட்கிற சாக்கில் வந்தாள்.

"என்னக்கா, மாமா படத்தை மடியில வெச்சுக்கிட்டு? திதியா இன்னைக்கு?"

உதட்டில் விரலை வைத்தேன். அவள் கதவைப் பார்த்தாள். உள்ளிருந்து அந்த ஆண் குரல் என்னவோ சொன்னது. அவள் கண் விரிந்தது.

"யாருக்கா உள்ள?" என்றாள் கிசுகிசுவென்று.

"பரீட்சை."

"பரீட்சைக்கு எதுக்குக்கா தாப்பா?"

நான் கேட்ட அதே கேள்வி. ஆனால் அவள் வாயிலிருந்து வந்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. "காப்பியடிக்காம இருக்கத்தான். உன் மவன் எழுதுனப்பவும் தாப்பா போட்டிருந்தா தேவலாம்" என்றேன் அதே கிசுகிசுப்பில். புளியை மறந்துவிட்டுப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அமைதி. உள்ளே விசைப்பலகைச் சத்தம் மட்டும், கோழி தவிட்டைக் கொத்துகிற மாதிரி.

அப்போதுதான் பல்லி சொன்னது. உள்ளே டியூப் லைட் பக்கமிருந்து, தெளிவாக, நிறுத்தி நிறுத்தி. எங்கள் பக்கத்தில் பல்லி சொன்னால் சும்மா இருக்கமாட்டோம். விரலை மடக்கி, பக்கத்தில் எது இருக்கிறதோ அதில் தட்டி, கிருஷ்ணா கிருஷ்ணா என்போம். நல்லதுக்குச் சொல்லியிருந்தால் நடக்கட்டும், கெட்டதுக்குச் சொல்லியிருந்தால் போகட்டும் என்று. யாரும் யோசித்துச் செய்வதில்லை. தும்மல் மாதிரி அது. மருமகள் ஜெயங்கொண்டம் பக்கத்துப் பெண், அவள் அம்மா வீட்டிலும் அதே பழக்கம்தான். உள்ளே மேஜையில் அவள் தட்டியது கேட்டது. கேட்ட அதே நொடியில் என் கையும் கதவில் தட்டியது.

உள்ளே தட்டல். வெளியே கதவில் தட்டல்.

குரல் உடனே வந்தது. முன்பு மாதிரி இல்லை, கறாராக. மருமகள் வேகவேகமாகப் பதில் சொன்னாள். அவன் திரும்பக் கேட்டான். பிறகு தாழ்ப்பாள் திறந்தது.

"அத்தை, உள்ள வாங்க. உங்களைப் பாக்கணும்ங்கறாங்க."

நான் எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, படத்தோடு போய் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் நின்றேன். அதில் என் முகம்தான் தெரிந்தது. அவன் முகம் இல்லை.

"நீங்க யாருன்னு கேக்குறாங்க."

"இந்த வூட்டுக்காரின்னு சொல்லு. அவன் யாருன்னு கேளு. மூஞ்சியைக் காட்டச் சொல்லு."

"அத்தை, தயவு செஞ்சு..."

அவன் என்னவோ கேட்டான். "கையில இருக்கறது யாருன்னு கேக்குறாங்க."

"என் வூட்டுக்காரருன்னு சொல்லு. இவரு யாருக்கும் பதில் சொல்லிக் குடுக்கமாட்டாரு. உசுரோட இருந்தப்பவே வாயைத் தொறக்காதவரு."

அவள் அதை முழுதாகச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ரொம்பச் சுருக்கமாக இருந்தது.

"ஏன் தட்டுனீங்கன்னு கேக்குறாங்க. நான் தட்டுன ஒடனே நீங்க தட்டினது ஏதோ சைகைன்னு நெனைக்கிறாங்க அத்தை."

"பல்லி சொல்லுச்சு, தட்டுனேன். அவன் ஊர்ல பல்லி இல்லையா?"

அவள் சொன்னாள். பிறகு கையைக் காட்டச் சொன்னான், காட்டினேன். ஏதாவது மெஷின் மாட்டியிருக்கிறேனா என்று காதைக் காட்டச் சொன்னான். தோடு கழற்றி வருசமாகித் துளை தொங்கிப்போன காதை, இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினேன். எனக்குப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட என்னை இப்படித் திருப்பிப் பார்த்ததில்லை. பல்லியைக் காட்டச் சொன்னான். மருமகள் கம்ப்யூட்டரை டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். அங்கே பல்லி இல்லை. நாங்கள் இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றோம். வேண்டாதபோதெல்லாம் வாய் ஓயாத ஜென்மம், அன்றைக்கு அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மிச்சத்தை எழுத விட்டார்கள். ஆனால் மதிப்பெண் வரவில்லை. சந்தேகத்தில் நிறுத்தி வைத்திருக்கிறோம், விசாரித்துச் சொல்கிறோம் என்று செய்தி வந்தது. அவள் கேட்டிருந்த காலேஜுக்கு மார்கழி முடிவதற்குள் மதிப்பெண் போய்ச் சேர வேண்டும். இந்த வருசம் விட்டால் அந்த இடம் இல்லை. என் வயதில் ஒரு வருசம் ஒன்றுமில்லை. அவளுக்கு அது அப்படியில்லை என்று அவள் சாப்பிட்ட சாப்பாட்டிலேயே தெரிந்தது.

என்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்டாள். கேட்டால் பதில் வரும், தானாகப் பேச்சு வராது. மகன் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பூனை மாதிரி நடந்தான். ஒருநாள் வெங்காயம் போட்டு வைக்கிற பட்டறையில் சின்ன வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தோம், அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அத்தை, ஒண்ணு கேட்டா கோச்சுக்கமாட்டீங்களே?"

"கேளு."

"நீங்க வேணும்னேதான் தட்டினீங்களா?"

வெங்காயத் தாள் காற்றில் பறந்து அவள் மடியில் விழுந்தது. நான் அவளைப் பார்த்தேன். அந்தக் குரல்காரன் என்னைச் சந்தேகப்பட்டான், அவனுக்கு என்னைத் தெரியாது. இவள் என் கையால் சாப்பிடுகிறவள். ஆனால் நானும் இத்தனை நாளாக அவளைச் சந்தேகப்பட்டுக்கொண்டுதானே இருந்தேன் என்பதும் அந்த நேரத்தில் தோன்றாமல் இல்லை. தோன்றியதை அப்போது ஒதுக்கி வைத்தேன்.

"இங்க பாரு. நீ போறது எனக்குப் புடிக்கல. மறைக்கல. ஆனா உன்னைத் தடுக்கணும்னா நான் உன் முன்னால வந்து நின்னு போவாதன்னு சொல்லுவேன். என் மாமியாரையே நேருக்கு நேரா கேட்டவ நான். கதவுக்குப் பின்னால ஒக்காந்து தட்டமாட்டேன்."

அவள் ஒரு வெங்காயத்தின் வாலைக் கிள்ளிப் போட்டாள். "அப்ப ஏன் அத்தை இதுவரைக்கும் ஒரு தடவகூட போவாதன்னு சொல்லல?"

மூட்டையைத் தைக்க ஊசி எடுக்கிறேன் என்று எழுந்து போனேன்.

பிறகு ஒருநாள் முடிவு வந்தது. அந்தப் பரீட்சை செல்லாது. குற்றம் என்று சொல்லமாட்டோம், இல்லை என்றும் சொல்லமாட்டோம், மறுபடி ஒரு தடவை எழுதிக்கொள்ளலாம். மகன் அதைப் படித்துவிட்டு, "மெட்ராஸ்லயே போயி எழுதட்டும். இங்க வேணாம்" என்றான், என் பக்கம் பார்க்காமல். ஷூவைத்தான் பார்த்தான்.

"ஏன்? இந்த வூட்டுக்கு என்ன?" என்றேன். "இந்த வூட்ல திருட்டுத்தனம் நடந்ததா எவனோ ஒருத்தன் எழுதி வெச்சிருக்கான். அது இந்த வூட்லயே தீரட்டும்."

"அம்மா, இது கௌரவம் பாக்கற நேரமா? மறுபடி ஏதாச்சும் ஆச்சுன்னா அவ வருசம் போயிரும்."

அவன் சொன்னது நியாயம்தான். மருமகள் குறுக்கே வந்தாள். மெட்ராஸில் இடம் கிடைக்கிற தேதி மார்கழியைத் தாண்டிப் போகிறது என்றாள். "இங்கயே எழுதறேன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "வாசல்ல நீங்கதான் ஒக்காரணும் அத்தை. வேற யாராச்சும் ஒக்காந்தா எனக்குக் கை ஓடாது" என்றாள்.

என்னை நம்பிச் சொன்னாளா, என்னைக் கண் பார்வையில் வைத்துக்கொள்ளச் சொன்னாளா என்று அன்று முழுக்க யோசித்தேன்.

மகன் பல்லியை விரட்ட முட்டை ஓட்டை டியூப் லைட் மேல் செருகினான். மறுநாள் பார்த்தால் அதன் மேலேயே ஒரு பல்லி உட்கார்ந்திருந்தது. மயிலிறகு கொண்டு வருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். பல்லியை விரட்டிவிட்டு எழுதினால், முதல் தடவையும் இங்கே பல்லியே இல்லை என்று நாமே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகாதா? அதை அதன் பாட்டுக்கு விடச் சொன்னேன். என் கையைத்தான் நான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மறு பரீட்சை அன்று காலையில் கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு ஒரு ரூபாய் முடிந்து வைத்தேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்பது எனக்கும் பெருமாளுக்கும். வெடி வைத்து அடங்கிய பிறகு அவள் உள்ளே போனாள். இந்தத் தடவை குரல் ஒரு பெண்ணுடையது. நான் கதவோரம் உட்கார்ந்து, படத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, முறுக்குக்குப் பிசைந்த மாவுக் குண்டானை மடியில் வைத்து, இரண்டு கையையும் மணிக்கட்டு வரை மாவில் விட்டுக்கொண்டேன். அந்தக் கை இனி எதையும் தட்டாது.

ஓரகத்தி எட்டிப் பார்த்தாள். "இன்னைக்கு மாவா?" என்று வாயசைத்தாள். கண்ணாலேயே போ என்றேன். போய்விட்டாள்.

பாதி நேரம் போயிருக்கும். பல்லி சொன்னது. அதே இடம், அதே தெளிவு. மாவுக்குள் என் விரல் தானாக மடங்கியது. இழுத்துப் பிடித்தேன். உள்ளே காதைக் கொடுத்தேன். மேஜைச் சத்தம் வரவில்லை. விசைப்பலகைச் சத்தம் நின்றது, அவ்வளவுதான். அவளும் அந்தப் பக்கம் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று கதவு வழியாகவே எனக்குத் தெரிந்தது. பிறகு உள்ளே மறுபடி கோழி கொத்தத் தொடங்கியது.

என் வாழ்நாளில் பல்லி சொல்லி நான் தட்டாமல் விட்டது அதுதான் முதல் தடவை. நல்லதுக்குச் சொன்னதா, கெட்டதுக்குச் சொன்னதா, எந்தத் திசையிலிருந்து சொன்னது, தட்டாமல் விட்டால் யாரைப் போய்ச் சேரும் என்று மாவுக்குள் கையை வைத்துக்கொண்டு மிச்ச நேரமெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தாழ்ப்பாள் திறந்தது. அவள் வெளியே வந்தாள். நிலைப்படியிலேயே குந்தி உட்கார்ந்து, விரலை மடக்கி, படியில் தட்டினாள். கிருஷ்ணா கிருஷ்ணா. நானும் மாவுக் கையோடு தட்டினேன். படியில் மாவு ஒட்டிக்கொண்டது.

"இவ்வளவு நேரங்கழிச்சுத் தட்டுனா செல்லுமா அத்தை?" என்றாள்.

"தெரியல. இது வரைக்கும் யாரும் நேரங்கழிச்சுத் தட்டுனதில்ல."

சிரித்தாள். நானும் சிரித்தேன். படத்தை எடுத்துப் பழைய ஆணியில் மாட்டி, விளக்கைப் போட்டேன்.

மதிப்பெண் இந்தத் தடவை தடையில்லாமல் வந்தது, காலேஜும் கூப்பிட்டுவிட்டது. ஆவணியில் போகிறாள். மகன் பின்னால் வருவதாக இப்போது முகத்தைப் பார்த்தே சொல்கிறான். அவள் கல் சாக்கு என் கட்டிலடியில்தான் இருக்கிறது, அதைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லியிருக்கிறாள். திரும்பி வருகிறவள்தான் சாக்கை விட்டுப்போவாள் என்று ஓரகத்தி சொல்கிறாள். சும்மா சுமக்க முடியாமல் விட்டுப்போகிறாளோ என்று எனக்கு ஒரு எண்ணம். அவளிடம் கேட்கவில்லை. பல்லி சொல்லும்போது மட்டும், உள்ளே யாரும் பரீட்சை எழுதாத நாளிலும், தட்டுவதற்கு முன்னால் ஒரு நொடி கை நின்று பார்க்கிறது, அவள் மேஜையிலிருந்து முதலில் சத்தம் வருகிறதா என்று.